‘எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’: சுரங்கச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

சேலத்தில் ‘மைன்ஸ்’ என்ற சொல்லுக்காக யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. கருப்பூர், மாமாங்கம் பக்கம் ‘மைன்ஸ்ல வேலை’ என்றால் வெள்ளைக்கல் வெட்டும் இடம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். ஆனால் இதே சொல்லை, ‘அள்ள அள்ளக் கிடைக்கும் இடம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் முதல் ஆய்வேடு எழுதுபவர் வரை ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

‘அவர் தகவல் சுரங்கம்’ என்பதை ‘ஹி இஸ் மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘மைன்’ என்பதற்கு முன்னால் வரவேண்டிய ‘எ’ விட்டுப்போயிற்று. தமிழில் ‘ஒரு’ இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் அந்த ஓரெழுத்து போனால், ‘ஹி இஸ் மைன்’ என்பது வரை படித்தவருக்கு ‘அவர் என்னுடையவர்’ என்றுதான் பொருள்படும். பிறகு ‘ஆஃப் இன்ஃபர்மேஷன்’ வந்ததும் அவர் குழம்பித் திரும்பிப் படிப்பார். ‘என்னுடையது’ என்ற மைன் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ‘சுரங்கம்’ என்ற மைன் பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, உறவு கிடையாது. இரண்டையும் பிரித்துக்காட்டும் வேலையை அந்த ‘எ’தான் செய்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், ‘எ மைன் ஆஃப்’ என்ற மூன்று சொற்களையும் ஒரே சொல்லாகப் பழகிக்கொள்ளுங்கள்.

எப்போது மைன் என்று சொல்லலாம்?

பொருளைப் பிடிக்க வெள்ளைக்கல் சுரங்கத்தையே பார்க்கலாம். சேலத்து மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். அது ஒரே பாளமாகக் கிடப்பதில்லை. கருத்த பாறைக்குள் வலை பின்னியதுபோல வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது. வெள்ளைக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அது சாக்கட்டி செய்யும் சுண்ணப்பாறை அல்ல. மேல்மண்ணை ஒதுக்க வேண்டும், பாறையை உடைக்க வேண்டும், வேண்டாத கல்லைக் குவித்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உலைகளுக்குள் பதிக்கும், வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கான கல் கையில் வரும்.

ஆங்கிலக்காரர் ஒரு புத்தகத்தையோ மனிதரையோ ‘எ மைன்’ என்று சொல்லும்போது இந்த வேலை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. உள்ளே நிறைய இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. தேடிப் போய்க் கேட்டால், தோண்டினால், கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே 1918-ல் அச்சான சேலம் மாவட்ட கெஸட்டியரை ‘எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று சொல்வது கச்சிதம். நில வருவாய், காடு, நெசவு, தாலுகா விவரம் என்று பக்கம் பக்கமாகக் கிடக்கும் செய்தியில் உங்களுக்கு வேண்டியதை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். லீ பஜாரில் முப்பது வருடம் மண்டி நடத்தியவர் வெல்லம், மஞ்சள், பருப்பு விலை எந்த மாதம் எப்படிப் போகும் என்று சொல்வார் என்றால் அவருக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் சொல்வார், கேட்கக் கேட்க வரும்.

பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணைக்கு இது பொருந்தாது. அதில் தகவல் நிறைய இருக்கலாம், ஆனால் எல்லாம் முகத்துக்கு நேரே இருக்கிறது. அதற்கு ‘ஃபுல் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்ற எளிய தொடரே போதும். ‘நிறைய’ என்ற ஒரே காரணத்துக்காக மைன் போடக்கூடாது.

வாக்கியத்தைக் கட்டும் முறை

முதலில் ஆள் அல்லது பொருள், பிறகு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’, அடுத்து ‘எ மைன் ஆஃப்’, கடைசியில் கிடைக்கும் சரக்கு. ‘தி ஓல்ட் கெஸட்டியர் இஸ் எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்.’ பழைய கெஸட்டியர் ஒரு தகவல் சுரங்கம். எதைப் பற்றிய தகவல் என்று சேர்க்க விரும்பினால் ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’ போடுங்கள்: ‘ஷி இஸ் எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன் ஆன் தி ஹெர்ப்ஸ் ஆஃப் கஞ்சமலை.’ கஞ்சமலை மூலிகைகளைப் பற்றி அவரிடம் கேட்டால் தெரியாதது இல்லை என்று பொருள்.

‘இஸ்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஹேஸ்’ போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘அவரிடம் தகவல் சுரங்கமே இருக்கிறது’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால் ‘ஹி ஹேஸ் எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அவரே சுரங்கம், அவரிடம் சுரங்கம் இல்லை. ‘ஹேஸ்’தான் வேண்டும் என்றால் ‘ஹி ஹேஸ் எ வெல்த் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று ‘வெல்த்’ போட்டு எழுதுங்கள். அந்தச் சொல் உடைமையைக் குறிப்பதால் ‘ஹேஸ்’ அதோடு ஒட்டும்.

‘ஆஃப்’ என்பதற்குப் பின் வரும் சொல்லில் இன்னொரு குழி இருக்கிறது. ‘இன்ஃபர்மேஷன்’ ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர், அரிசி மாவைப்போல. எனவே ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எஸ் சேர்க்கவே கூடாது. எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் பன்மை வேண்டும்: ‘எ மைன் ஆஃப் ஸ்டோரீஸ்’, ‘எ மைன் ஆஃப் ஐடியாஸ்’, ‘எ மைன் ஆஃப் யூஸ்ஃபுல் ஃபேக்ட்ஸ்’. ‘எ மைன் ஆஃப் ஸ்டோரி’ என்று ஒருமையில் நிறுத்தினால் ஒரே ஒரு கதைக்கு ஒரு சுரங்கமா என்று கேட்கத் தோன்றும்.

உச்சரிப்பில், ‘ஆஃப்’ என்று நாம் தமிழில் எழுதும் இந்தச் சொல் ‘அவ்’ என்று வ் ஒலியில் முடிகிறது. எழுதும்போது ஓ, ஒரே ஒரு எஃப். இரண்டு எஃப் போட்டால் அது விளக்கை அணைக்கும் ‘ஆஃப்’. பேச்சில் ‘மைன்’னும் ‘அவ்’வும் ஒட்டி ‘மைனவ்’ என்று கேட்கும். நேர்காணலில் இதைச் சொல்ல நேர்ந்தால் சொற்களைப் பிரித்துப் பிரித்து அழுத்தாமல் ஒட்டிச் சொல்லுங்கள்.

முன்னால் அடைமொழி சேர்க்கலாம். ‘ரியல்’, ‘வெரிட்டபிள்’, ‘ரிச்’ ஆகிய மூன்றும் இயல்பாக வரும். ‘பிக்’ வேண்டாம். ‘எ பிக் மைன்’ என்றவுடன் படிப்பவர் மனதில் லாரியும் ஜல்லியும்தான் வரும், உருவகம் போய்விடும்.

இந்தத் தொடர் பிறரைப் பாராட்டுவதற்கானது. வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதினால் தற்பெருமையாகத் தெரியும். உங்கள் ஆசிரியரைப் பற்றி, நூலகத்தைப் பற்றி, ஒரு அறிக்கையைப் பற்றி எழுதுங்கள். இன்னொன்று, இது பிரிட்டன் வழக்கில்தான் அதிகம். அமெரிக்க வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் ‘எ கோல்ட் மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்பது அவர் காதுக்குப் பழகியது.

வினையாக வரும்போது

‘டு மைன்’ என்றால் தோண்டி எடு. நேர்ப்பொருளில் கனிமத்தைப் பின்னால் வைக்கலாம்: ‘தே மைன் மேக்னசைட் நியர் சேலம்.’ அல்லது இடத்தை வைத்து ‘ஃபார்’ சேர்க்கலாம்: ‘தி ஷெவராய் ஹில்ஸ் வேர் மைண்ட் ஃபார் பாக்சைட்.’ சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலத்தைச் சொல்லும் வாக்கியம் இது.

உருவகத்தில் பெரும்பாலும் இரண்டாவது அமைப்புத்தான் பயன்படும். எங்கே தோண்டுகிறோமோ அதை முதலில் வைத்து, எதற்காக என்பதை ‘ஃபார்’ போட்டுச் சொல்ல வேண்டும். ‘ஷி மைண்ட் தி ஓல்ட் டீட்ஸ் ஃபார் வில்லேஜ் நேம்ஸ்.’ ஊர்ப்பெயர்களுக்காகப் பழைய பத்திரங்களைக் குடைந்தார் என்று பொருள். நம் பேச்சில் ‘ஃபைலைக் குடைஞ்சு எடுத்தான்’ என்கிறோமே, அதுதான். ‘ஃபார்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டு’ போடுவது நாம் செய்யும் பிழை. ‘டேட்டா மைனிங்’ என்பதும் இதே பிள்ளை. கொட்டிக் கிடக்கும் தரவுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைத் தேடி எடுப்பது.

இறந்தகால வடிவம் எழுத்தில் எம், ஐ, என், இ, டி. ஒலியோ ‘மனம்’ என்ற ‘மைண்ட்’ போலவே இருக்கும். கேட்டு எழுதும் பயிற்சியில் இங்கேதான் மதிப்பெண் போகும். கல்லோ தரவோ பக்கத்தில் இருந்தால் மைனின் இறந்தகாலம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். ‘மைண்ட் அவுட்’ என்று வந்தால் எடுத்து முடிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று பொருள். பலர் எழுதித் தீர்த்த ஆய்வுத் தலைப்புக்கு இதைச் சொல்வார்கள். சுரங்கம் என்றைக்காவது தீரும் என்ற உண்மை இந்தச் சொல்லை விட்டு விலகுவதே இல்லை.

பொருளையே புரட்டிவிடும் பிழைகள்

மிக ஆபத்தானது ‘மைன்ஃபீல்ட்’. ‘வயல் நிறையச் சுரங்கம், அப்படியானால் இன்னும் அதிகம்’ என்று நினைத்து ‘தி இன்டர்நெட் இஸ் எ மைன்ஃபீல்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதுகிறார்கள். மைன்ஃபீல்ட் என்பது கண்ணிவெடி புதைத்த நிலம். அடுத்த அடி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாத இடம். பாராட்ட எழுதியது எச்சரிக்கையாகிவிடும். சொத்துப் பத்திரம், வரிச்சட்டம் போன்றவற்றைப் பற்றி ‘எ லீகல் மைன்ஃபீல்ட்’ என்று சொல்வது சரி. அங்கே சிக்கல்தான் பொருள். முற்காலப் போரில் கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சரிப்பார்கள். வெடியைக் குறிக்கும் மைனும், ‘அடித்தளத்தை அரித்துவிடு’ என்ற ‘அண்டர்மைன்’ என்ற வினையும் அங்கிருந்து வந்தவை. இரண்டிலும் அழிவுதான் இருக்கிறது, வளம் இல்லை.

அடுத்தது நம் ஊர்ப் பேச்சு தரும் பிழை. தமிழில் ‘மைன்ஸ்’ ஒருமை. ‘ஒரு மைன்ஸ்’ என்றே சொல்கிறோம், ‘பஸ் ஸ்டாண்ட்ஸ்’ என்று சொல்லாத நாம் இதற்கு மட்டும் எஸ் சேர்த்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ‘எ மைன்ஸ்’ கிடையாது. ஒன்று என்றால் ‘எ மைன்’, பல என்றால் ‘மைன்ஸ்’. இரண்டு புத்தகங்களைச் சேர்த்துச் சொன்னால் ‘தி டூ புக்ஸ் ஆர் மைன்ஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்பது சரி.

‘மைனர்’ என்பதிலும் கவனம் வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கு எம், ஐ, என், இ, ஆர். வயது வராதவருக்கு இ என்ற எழுத்தின் இடத்தில் ஓ. ஒலி ஒன்றே. செய்திக் குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் சுரங்கத் தொழிலாளி சிறுவராகிவிடுவார், வழக்கின் தன்மையே மாறிவிடும். மணல், ஜல்லி போன்ற சிறு கனிமங்களைக் குறிக்கும் ‘மைனர் மினரல்ஸ்’ என்பதிலும் ஓ போட்ட எழுத்துத்தான்.

கல்குவாரி என்கிறோமே, அந்தக் ‘குவாரி’யைத் திறந்தவெளியில் கட்டடக்கல் வெட்டும் இடத்துக்குச் சொல்கிறார்கள். சேலத்து வெள்ளைக்கல்லையும் திறந்தவெளியில்தான் வெட்டுகிறார்கள், ஆனாலும் அது ‘மைன்’. வளத்தைக் குறிக்கும் உருவகத்துக்குக் குவாரியை எடுக்காதீர்கள். ‘எ குவாரி ஆஃப் இன்ஃபர்மேஷன்’ வழக்கில் அரிது. அந்தப் பெயருக்கு ‘வேட்டையாடப்படும் இரை’ என்ற வேறு பொருளும் உண்டு.

தங்கச் சுரங்கம், நரம்பு, படுகை

‘கோல்ட் மைன்’ பணத்தோடு அதிகம் சேரும். நல்ல வருமானம் தரும் கடைக்கு ‘தி ஷாப் இஸ் எ கோல்ட் மைன்’ என்பார்கள். இங்கே ‘ஆஃப்’ வேண்டியதில்லை. ‘யூ ஆர் சிட்டிங் ஆன் எ கோல்ட் மைன்’ என்றால், கையில் இருப்பதன் மதிப்பு உனக்கே தெரியவில்லை என்ற தொனி. பாட்டியின் பழைய கொலுசு வார்ப்பு அச்சுகளை மூட்டை கட்டி வைத்திருக்கும் செவ்வாய்ப்பேட்டைக் குடும்பத்திடம் இதைச் சொல்லலாம். மனிதர்களிடம் மட்டும் எச்சரிக்கை. வாடிக்கையாளரை ‘கோல்ட் மைன்’ என்று எழுதினால் அவரைச் சுரண்டப்போவதாகக் கேட்கும். சிலர் சேர்த்து ஒரே சொல்லாகவும் எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாதீர்கள்.

‘வெயின்’ என்பது பாறைக்குள் ஓடும் நரம்பு. சேலத்து வெள்ளைக்கல் அப்படித்தான் ஓடுகிறது. ‘சீம்’ என்பது படுகைபோல் அகலமாகப் படிந்த அடுக்கு. நெய்வேலி நிலக்கரி அப்படி. உருவகத்தில் ‘எ ரிச் சீம் ஆஃப் மெட்டீரியல்’ என்றால் எழுத்தாளருக்கோ ஆய்வாளருக்கோ கிடைத்த நல்ல மூலச்சரக்கு. ‘எ ரிச் வெயின் ஆஃப் ஹியூமர்’ என்றால் ஒரு படைப்பு முழுக்க இழையோடும் நகைச்சுவை. கிரிக்கெட் செய்தியில் ‘இன் எ ரிச் வெயின் ஆஃப் ஃபார்ம்’ என்று வரும். சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து விக்கெட் எடுக்கும் நாட்களில் இப்படி எழுதலாம். அதே பக்கத்தில் வரும் ‘சீம் பவுலிங்’ பந்தின் தையலைப் பற்றியது, படுகையைப் பற்றியது அல்ல. ‘இன் தி சேம் வெயின்’ என்றால் ‘அதே பாணியில்’. ஒலி ஒன்றாக இருப்பதால் ‘இன் வெயின்’ என்று இந்த எழுத்தில் எழுதி ‘வீணாக’ என்று நினைப்பவர்கள் உண்டு. நரம்புக்கு வி, இ, ஐ, என். வீணுக்கு வி, ஏ, ஐ, என்.

‘மதர் லோட்’ அமெரிக்கச் சொல், கொஞ்சம் பேச்சு வழக்கு. தேடிக்கொண்டிருந்தபோது மொத்தமாகச் சிக்கியது. ‘ஹிட்’ அல்லது ‘ஸ்ட்ரக்’ என்ற வினையோடு வரும். எழுத்து எல், ஓ, டி, இ. லாரி லோடுக்கான எழுத்தைப் போட்டால் பிழை.

‘பொனான்சா’வைப் பண்டிகை நாளில் ஜவுளிக்கடைப் பதாகையில் பார்த்திருப்பீர்கள். ஸ்பானிய மொழியில் அமைதியான கடல், நல்ல காலம் என்று பொருள். அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் திடீரென அகப்படும் வளமான தாதுக்கு அதைச் சொன்னார்கள். 1873-ல் நெவாடாவில் கிடைத்த பெரிய வெள்ளித் தாதுக் கொத்துக்கு ‘பிக் பொனான்சா’ என்றே பெயர். எனவே இது திடீரென வந்து போகும் யோகம். ‘தி மேங்கோ சீசன் வாஸ் எ பொனான்சா ஃபார் தி டிரேடர்ஸ்’ என்று யாருக்கு லாபமோ அவரோடு ‘ஃபார்’ சேர்க்க வேண்டும். மனிதரைப் பொனான்சா என்று சொல்லமுடியாது. ஆண்டு முழுக்க ஓடும் வியாபாரத்துக்கும் இது ஒட்டாது.

தோண்டாமலே கிடைப்பவை

வளம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும். வேறொருவர் சேர்த்து வைத்தது உங்கள் கண்ணில் பட்டதென்றால் ‘டிரெஷர் ட்ரோவ்’, புதையல். ‘ட்ரோவ்’ என்பதே பிரெஞ்சில் ‘கண்டெடுத்தது’. நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதே பெயரில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பரணில் கிடைத்த ஏற்காட்டுப் பழைய புகைப்படப் பெட்டிக்கு ‘எ டிரெஷர் ட்ரோவ் ஆஃப் ஓல்ட் ஃபோட்டோகிராஃப்ஸ்’ என்பதே சரி. அதை மைன் என்றால் தவறில்லை, ஆனால் கண்டெடுத்த மகிழ்ச்சி அதில் இராது.

தானே பொங்கி வருவது ‘வெல்ஸ்பிரிங்’, ஊற்றுக்கண். சேர்வராயனில் பெய்த மழை மலைக்குள் இறங்கி, பாறை இடுக்கில் ஊறி, திருமணிமுத்தாறாகக் கீழே வருகிறதே, அந்தத் தொடக்கப் புள்ளியை மனதில் வையுங்கள். தகவலுக்கும் சரக்குக்கும் இதைப் பயன்படுத்துவது குறைவு. துணிவு, அன்பு, நம்பிக்கை, படைப்பூக்கம் போன்றவற்றுக்கு இது மிக அழகாக உட்காரும்: ‘ஹெர் ஃபெய்த் வாஸ் தி வெல்ஸ்பிரிங் ஆஃப் ஹெர் கரேஜ்.’ நம்பிக்கையே அவருடைய துணிவின் ஊற்றுக்கண். ஒரே மூலம் என்று குறிப்பிடும்போது இப்படித் ‘தி’ போட்டு எழுதுங்கள். அறிவுக்கு என்றால் ‘ஃபவுண்ட் ஆஃப் நாலெட்ஜ்’, அதாவது அறிவின் ஊற்று, என்ற தொடர் உண்டு, பெரியவர்களைப் பற்றி எழுத ஏற்றது.

சேர்த்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடுவது ‘ரிசர்வாயர்’. மேட்டூர் அணையைவிட நல்ல விளக்கம் இதற்குக் கிடையாது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணை முழு உயரம் 120 அடியை எட்டும்போது 93.47 டிஎம்சி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். டெல்டாவுக்கு வேண்டிய நேரத்தில் மதகு திறக்கும். ‘எ ரிசர்வாயர் ஆஃப் குட்வில்’ என்றால் பல வருடம் நேர்மையாக நடந்து மக்களிடம் சேர்த்துவைத்த நல்லெண்ணம், நெருக்கடியில் கைகொடுப்பது. இந்தச் சொல்லை நாம் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம். நம் மாவட்டத்துக்காரருக்கு அதன் பொருள் கண்முன்னே நிற்கிறது.

‘கார்ன்யுகோபியா’வில் கார்ன் என்று கேட்டதும் ஆத்தூர்ப் பக்கத்து மக்காச்சோளம் நினைவுக்கு வரவேண்டாம். லத்தீனில் ‘கார்னு’ என்றால் கொம்பு. கிரேக்கக் கதையில் பழமும் தானியமும் வற்றாமல் வரும் ஆட்டுக்கொம்பு. நம்மிடம் மணிமேகலையின் அமுதசுரபி அதற்கு உறவுபோல இருந்தாலும், இன்றைய ஆங்கிலத்தில் வற்றாமையைவிடப் பலவகையே இந்தச் சொல்லில் முன்னால் நிற்கிறது. மே மாதம் சேலம் கடைவீதியில் மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, பெங்களூரா என்று வண்டி வண்டியாக நிற்பதை ‘எ கார்ன்யுகோபியா ஆஃப் மேங்கோஸ்’ எனலாம். ஒரே ரகம் குவிந்து கிடந்தால் அந்தச் சொல் வேண்டாம்.

தமிழிலிருந்து கொண்டுபோகும்போது

நம் மொழியில் நிறைவைச் சொல்லக் கடல் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, மலை இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகமுடியாது. ‘மலைபோல்’ என்பதை ‘எ மவுண்டன் ஆஃப்’ என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் சுமைதான்: கடன், கோப்பு, துவைக்காத துணி. ‘கல்விக்கடல்’ என்பதை ‘ஓஷன் ஆஃப் எஜுகேஷன்’ என்று எழுதினால் புரியும், ஆனால் ஒட்டாது. ‘ஃபவுண்ட் ஆஃப் நாலெட்ஜ்’ பொருந்தும். ‘தகவல் களஞ்சியம்’ என்பதை ‘ஸ்டோர்ஹவுஸ்’ என்று எழுதுவது நம் நாட்டில் பழக்கம். பிழை இல்லை. தேடி எடுக்க வேண்டியது என்றால் மைன் கூடுதல் பொருத்தம். கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் ‘என்சைக்ளோபீடியா’ என்ற சொந்தப் பெயரே போதும்.

‘சுரங்கம்’ என்று தமிழில் வந்தாலே ஆங்கிலத்தில் மைன் ஆகாது என்பதையும் கவனியுங்கள். ரயில்பாதைக்கு அடியில் மக்கள் நடக்கும் சுரங்கப்பாதை இந்தியாவில் ‘சப்வே’. மலையைக் குடைந்த ரயில்பாதை ‘டனல்’. அறிவிப்புப் பலகை எழுதுபவர்கள் இதைச் சரிபார்த்தே எழுத வேண்டும்.

திருத்திப் பழக ஒரு பத்தி

மாணவர் கட்டுரைகளில் வரக்கூடிய பிழைகளைச் சேர்த்து அமைத்த பத்தி இது. விடையைப் பார்க்கும் முன் நீங்களே திருத்திப் பாருங்கள்.

‘ஏற்காடு இஸ் எ மைன்ஃபீல்ட் ஆஃப் நேச்சுரல் பியூட்டி. மை கிராண்ட்ஃபாதர் இஸ் மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன்ஸ் அபவுட் காஃபி. ஹி ஒர்க்ட் இன் எ பாக்சைட் மைன்ஸ். ஹிஸ் டைரி ஹேஸ் எ மைன் ஆஃப் ஸ்டோரி. ஐ மைண்ட் இட் டு மை ப்ராஜெக்ட்.’

முதல் வாக்கியத்தில் கண்ணிவெடி போக வேண்டும். இயற்கை அழகை யாரும் தோண்டி எடுப்பதில்லை, ஆகவே மைனும் அங்கே வேண்டாம். ‘ஏற்காடு இஸ் ஃபுல் ஆஃப் நேச்சுரல் பியூட்டி’ என்று எளிமையாக விடுங்கள். இரண்டாவதில் ‘எ’ சேர்த்து, எஸ் எடுக்க வேண்டும்: ‘மை கிராண்ட்ஃபாதர் இஸ் எ மைன் ஆஃப் இன்ஃபர்மேஷன் அபவுட் காஃபி.’ மூன்றாவது ‘இன் எ பாக்சைட் மைன்’. நான்காவதில் ‘ஹேஸ்’ மாறி ‘இஸ்’ ஆக வேண்டும், கதை பன்மையாக வேண்டும்: ‘ஹிஸ் டைரி இஸ் எ மைன் ஆஃப் ஸ்டோரீஸ்.’ அடுத்தடுத்து இரண்டு மைன் வந்து சலிப்புத் தட்டுவதாகத் தோன்றினால் இங்கே ‘டிரெஷர் ட்ரோவ்’ போடலாம். தாத்தா எழுதி வைத்தது, பேரன் கண்டெடுத்தது, பொருளும் கூடிவரும். ஐந்தாவதில் ‘டு’ போய் ‘ஃபார்’ வரவேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. எதை எடுத்தார் என்பது இல்லாமல் வாக்கியம் பாதியில் நிற்கிறது. ‘ஐ மைண்ட் இட் ஃபார் டீடெய்ல்ஸ் ஆஃப் எஸ்டேட் லைஃப்’ என்று எழுதினால் தோண்டியவர், தோண்டிய இடம், கிடைத்த சரக்கு மூன்றும் வந்துவிடும்.